நூல் கடித்த பல்

முன்னொரு காலத்துக்கெல்லாம் போக வேண்டாம். இது போன தை மாதத்துக் கதை. கோவில்பட்டியில் தையல்கடை வைத்திருக்கும் செண்பகவல்லியின் வாயில், முன்பற்களை ஒட்டி ஒரு பல் இருந்தது. கூடப் பிறந்தவையெல்லாம் அகலமாக வளர்ந்து நிற்க, இது மட்டும் சீவிய பென்சில் போலக் குச்சியாய் நின்றது.

அவள் சிரித்தால் போதும், வலக்கை ஓடி வந்து வாயை மூடிவிடும். "உன் மானத்தைக் காப்பாத்தத்தான் வாரேன்" என்று சொல்லும். இருட்டில் நின்ற குச்சிப்பல்லுக்கு அழுகை முட்டும்.

அதற்கு இருந்த ஒரே பெருமை நூல்தான். தைத்து முடித்த நூலை அந்தக் கூர்முனையில் வைத்துத்தான் செண்பகவல்லி நறுக்கென்று கடிப்பாள். அந்த நேரத்தில் மற்ற பற்கள் அதன் முன்னால் வாயே திறக்காது.

மகளுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. போட்டோவிலாவது வாயிலிருந்து கையை எடுக்கும்படி மகள் கெஞ்சியதில், செண்பகவல்லி பல் டாக்டர் ரெஜினாவிடம் போய் உட்கார்ந்தாள்.

தட்டில் படுத்திருந்த டிரில் குச்சிப்பல்லைப் பார்த்ததும் துள்ளியது. சுற்றிலும் ராவித் தேய்த்து, முளை மாதிரி ஆக்கிவிட்டால் மேலே தொப்பி போல ஓர் உறை மாட்டிவிடலாம், இதெல்லாம் ஒரு வேலையா என்று பீற்றிக்கொண்டது. குச்சிப்பல் ஈறுக்குள் ஒளியப் பார்த்தது. இருப்பதே கொஞ்சம், அதையும் ராவிவிட்டால் தனக்கென்று என்ன மிஞ்சும்?

டாக்டர் டிரில்லைத் தொடவில்லை.

"பல்லு நல்லா உறுதியா இருக்குக்கா. எதுக்கு ராவணும்? குறையிற இடத்துல மட்டும் வெச்சுக் கட்டிருவோம்" என்றார்.

பல்லின் நிறத்திலேயே ஒரு பசை வந்தது. "நான் எதையும் எடுக்க வரலை, உன்னோட சேர வந்திருக்கேன். ஆனா ஒண்ணு, நூல் கடிச்சா நான் தெறிச்சிருவேன். அந்த வேலையை நீ விட்டுரணும்" என்றது.

குச்சிப்பல் தயங்கியது. ஊரார் முன் நிற்க வேண்டுமென்றால், இருந்த ஒரு பெருமையையும் விட வேண்டும். மனசில்லாமல்தான் சரி என்றது. பசை இருபுறமும் படிந்து, நீல வெளிச்சத்தில் இறுகியது. கண்ணாடி பார்த்த செண்பகவல்லிக்கு எந்தப் பல் என்றே அடையாளம் தெரியவில்லை.

மறுநாள் கடையில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து முடித்தவள், பழக்கதோஷத்தில் நூலை வாய்க்குக் கொண்டுபோனாள். பல் விறைத்துப் போனது. பசை அதை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டது.

பாதி வழியில் கை நின்றது. "இனிமே இதை நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிக் கத்தரிக்கோலை எடுத்தது.

ஜாக்கெட்டுக்குக் காத்திருந்த அன்னத்தாய் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "யக்கா, நிச்சயத்துக்கு நீ கொஞ்சம் தள்ளியே நில்லு. பொண்ணு யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க குழம்பிரப் போறாங்க."

செண்பகவல்லி வாய்விட்டுச் சிரித்தாள். குச்சிப்பல் முதன்முதலாகத் தெருவை முழுசாகப் பார்த்தது. அதற்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூட வர வேண்டிய கை, நூல் வெட்டிக்கொண்டிருந்தது.