வாசலில் நின்ற வண்டி

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் பொல்லாப்பு வரும் என்று கதை சொல்கிறவர்கள் பெயரை விட்டுவிட்ட ஒரு நாட்டில், அரசருக்கு ஒருநாள் காலையிலேயே சிரிக்க வேண்டும்போல் இருந்தது. விகடகவி உத்தண்டியை அழைத்துவர ஆள் அனுப்பினார். உத்தண்டி குடியிருந்தது ஊரின் கடைக்கோடியில். அவன் வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்து சேர்வதற்குள் அரசருக்குச் சிரிக்கும் ஆசை போய்ப் பசி வந்துவிட்டது.

"இனி இவன் நடந்து வரவேண்டாம். அரண்மனைக் கூண்டு வண்டி ஒன்றும் இரண்டு காளைகளும் இவன் வாசலிலேயே நிற்கட்டும்" என்று உத்தரவு போட்டார்.

அதுவரை அரண்மனை வண்டி வாசலில் நிற்கும் பெருமை பெரிய மனிதர்களுக்கு மட்டுமே இருந்தது. கருவூலத் தலைவர் விருத்தகிரிக்கு இது பொறுக்கவில்லை. ஒரு கோமாளிக்கும் தனக்கும் ஒரே மரியாதையா என்று வயிறு எரிந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு அரசரிடம் போனார்.

"அரசே, அரண்மனை வண்டியில் அரண்மனை வேலைக்குப் போவது முறை. அதிலேயே சந்தைக்கும் கல்யாணத்துக்கும் போனால், அது சம்பளத்துக்கு மேல் இன்னொரு சம்பளம். அதற்கு வரி வாங்குவதுதானே நியாயம்?"

அரசருக்கு நியாயமாகத்தான் பட்டது. சட்டம் வந்தது. விருத்தகிரியின் பல்லக்கு மட்டும், அவருடைய பாதுகாப்புக்கானது என்ற காரணத்தால், அந்தச் சட்டத்தில் சேரவில்லை.

மறுநாள் சபையில் விருத்தகிரி கேட்டார்: "உத்தண்டி, உன் வீட்டார் வண்டியில் கோயிலுக்குப் போகிறார்களாமே?"

"இல்லை ஐயா. அந்த வண்டியின் நிழலில்கூட நாங்கள் உட்காருவதில்லை. என் சொந்தக் காரியத்துக்கு அதன் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினாலும் என்னைக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடுங்கள். அந்தக் கழுதைக்கும் வரி கேட்காமல் இருந்தால் போதும்."

சபை சிரித்தது. அரசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். விருத்தகிரி மட்டும் சிரிக்கவில்லை.

"அரசே, இவன் சொன்னதையே உத்தரவாக்கிவிடலாமா? கழுதை ஊர்வலத்தோடு வேலையும் போகும் என்று?"

சிரிப்பு அடங்காத அரசர், பேச வராமல் தலையை மட்டும் ஆட்டினார். அன்று மாலையே உத்தண்டி வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு காவலன் வந்து உட்கார்ந்தான். நல்ல விகடம் சொன்னோம் என்ற திருப்தியில் உத்தண்டி அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தான்.

உத்தண்டியின் மகள் செண்பகவடிவு அப்போது தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் உச்சிப்பொழுதில் திடீரென்று வலி கண்டுவிட்டது. மருத்துவச்சியின் வீடு ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம்.

"அப்பா, வண்டியைப் பூட்டுங்களேன். வாசலில்தானே நிற்கிறது" என்றாள் செண்பகவடிவு.

உத்தண்டி ஓடிப்போய்க் காளைகளை அவிழ்த்தான். நுகத்தடியைத் தூக்கினான். எதிரே மரத்தடியில் காவலன் எழுந்து நின்றான். வேட்டியைச் சரிசெய்துகொண்டு பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். உத்தண்டிக்குக் கழுதை நினைவு வந்தது. வேலை போனால் உலை வைக்க வழியில்லை என்பதும் நினைவு வந்தது. நுகத்தடியைக் கீழே வைத்தான்.

"ஓடிப் போய் வந்துவிடுகிறேன், தாயி" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டு ஓடினான்.

போகும்போது ஓடினான், திரும்பும்போது ஓட முடியவில்லை. மருத்துவச்சிக்கு மூட்டு வீக்கம். ஏரிக்கரை வெயிலில் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று வந்தாள்.

"உனக்குத்தான் அரண்மனை வண்டி இருக்கிறதே?" என்று கேட்டாள்.

"இருக்கிறது" என்றான் உத்தண்டி.

அவர்கள் வந்து சேர்ந்தபோது குழந்தை பிறந்திருந்தது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் கழற்றிவிட்டிருக்கலாம் என்றாள் மருத்துவச்சி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உத்தண்டியின் மனைவி குழந்தையைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அதையும் அவன் இடுகாட்டுக்கு நடந்தேதான் கொண்டுபோனான்.

அந்த மாதம் அவன் சம்பளத்தில் வண்டி வரி பிடித்திருந்தார்கள். உத்தண்டி நேராகக் கருவூலத்துக்குப் போனான்.

"ஐயா, நான் அந்த வண்டியில் சொந்தக் காரியத்துக்கு ஏறவே இல்லை. உங்கள் காவலனையே கேட்டுப் பாருங்கள்."

"கேட்டாயிற்று. நீ ஏறவில்லைதான். ஆனால் வண்டி உன் வாசலில் நின்றது. வேண்டும் என்றால் நீ ஏறியிருக்கலாம். அப்படி ஒரு வசதி உனக்கு இருந்ததே, அதற்குத்தான் வரி."

"வேண்டியிருந்தது, ஐயா."

விருத்தகிரி கணக்கேட்டை மூடினார். "கேள்விப்பட்டேன். வருத்தம்தான். ஆனால் வருத்தம் வேறு, வரி வேறு" என்றார்.

உத்தண்டி கும்பிட்டுவிட்டு வந்தான். மறுநாள் சபையில் அரசர் அவனைப் பார்த்ததும், "எங்கே போயிருந்தாய்? சிரித்து எவ்வளவு நாளாயிற்று" என்றார்.

"அரசே, வரிச் சட்டத்தில் எனக்கு ஒரு சந்தேகம். கருவூலத் தலைவர் தீர்த்துவைத்தால், சிரிப்பது எளிது."

விருத்தகிரி எழுந்தார். சபை முழுவதும் கேட்கும்படி விளக்கினார்: "அரண்மனைப் பொருள் ஒன்று ஒருவனுக்கு எட்டும் இடத்தில் இருந்தால், அவன் அதை அனுபவித்ததாகவே கொள்ள வேண்டும். உண்மையில் அனுபவித்தானா என்று பார்க்க வேண்டியதில்லை."

"இது எல்லோருக்கும் உள்ள சட்டமா, எனக்கு மட்டுமா?"

"எல்லோருக்கும்தான். சட்டத்தில் ஆள் பார்ப்பதில்லை."

"அரசர் இதை உறுதி செய்வாரா?"

"செய்தோம்" என்றார் அரசர்.

உத்தண்டி விருத்தகிரியின் அருகே போய் அவர் இடுப்பைக் காட்டினான். "கருவூலத்தின் சாவி இங்கே தொங்குகிறது, அரசே. கருவூலம் இவர் வீட்டுக்கு அடுத்த சுவர். வேண்டும் என்றால் இவர் எடுத்திருக்கலாம். ஆகவே இந்த நாட்டின் பொன் முழுவதையும் இவர் அனுபவித்துவிட்டார். அதற்குண்டான வரியை வாங்குங்கள்."

விருத்தகிரியின் முகம் வெளிறியது. "அரசே, நான் ஒரு பொட்டுப் பொன்னும் தொட்டதில்லை" என்றார்.

"நானும் தொடவில்லை, ஐயா" என்றான் உத்தண்டி.

அரசருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்தார். சிங்காசனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்துச் சபையும் சிரித்தது. உயிர் திரும்பிய விருத்தகிரியும் கடைசியில் சேர்ந்து சிரித்தார்.

"அந்த வரி ஒழிந்தது" என்றார் அரசர். "வண்டியும் காளைகளும் இன்று முதல் உனக்கே சொந்தம். எங்கே வேண்டுமானாலும் போ, யாரும் கேட்கமாட்டார்கள். ஆமாம், உன் மகளுக்குப் பிரசவம் என்றார்களே, என்ன குழந்தை?"

சபையில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஆண் குழந்தை, அரசே."

"பலே. பேரனை வண்டியில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டு" என்று சொல்லி, தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார்.

உத்தண்டி குனிந்து வாங்கிக்கொண்டான். விகடகவி அரசரின் சிரிப்பைக் கெடுக்கக் கூடாது. அதற்குத்தான் சம்பளம்.

மாதம் கழிந்து செண்பகவடிவு புகுந்த வீட்டுக்குக் கிளம்பினாள். உத்தண்டி விடியற்காலையிலேயே எழுந்து காளைகளைக் குளிப்பாட்டி, வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தென்று ஜமக்காளம் விரித்துப் பூட்டி நிறுத்தியிருந்தான். அவள் வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

உத்தண்டி அவள் துணி மூட்டையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தான். பூட்டிய வண்டி வாசலிலேயே நின்றது.