வெட்டி எடுத்த நேரம்

ராஜாவும் இல்லாத, காடும் இல்லாத ஒரு ஊர். அந்த ஊரில் தேவசகாயம் என்று ஒரு கணக்கு வாத்தியார் இருந்தாராம். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அவருக்குக் குரல் வெறும் காற்றாகத்தான் வரும்.

அவரிடம் படித்த பூவலிங்கம், கணினிப் பாடங்களை வடிவமைக்கும் பேராசிரியர் ஆனார். வாத்தியாரின் வகுப்பையே படம் பிடித்துப் பாடமாக்கினார். அதிலேயே பேரும் விருதும் வாங்கினார். பணி ஓய்வுக்கு முந்தின வாரம், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கு வந்தார்.

"சார், பிள்ளைங்க பாடத்தை முழுசாப் பார்க்குறாங்க. பரீட்சையும் நல்லா எழுதுறாங்க. அடுத்த மாசம் கேட்டா ஒண்ணுமே நிக்கல. என் சர்வீஸே இதுலதான் போச்சு. எங்க சார் தப்பு?"

"போட்டுக் காட்டு."

திரையில் அந்தக் காலத்து வாத்தியார் கணீரென்று கேட்டார்: "அரையில பாதி எவ்வளவு?" கேட்ட வாய் மூடவில்லை, அவரே சொன்னார்: "கால்."

"நிறுத்து லிங்கம். எனக்கு என்னடா அவ்வளவு அவசரம்? பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

பூவலிங்கம் சிரிக்கவில்லை. "அங்க நீங்க ரொம்ப நேரம் சும்மா நின்னீங்க சார். பார்க்கிறவன் எழுந்து போயிடுவான்னு வெட்டிட்டேன்."

"எல்லாப் பாடத்துலயுமா?"

"எல்லாத்துலயும். இப்படி வெட்டணும்னு எழுதித்தான் டாக்டர் பட்டமே வாங்கினேன்."

"வெட்டினது இருக்கா?"

"அழிச்சுட்டேன்."

பூவலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவை எடுத்துடலாம் சார். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க. கை வைக்க மாட்டேன்."

வாத்தியார் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "இது முதல் பெஞ்சுக்கே கேக்காதுப்பா."

அப்புறம் அவரே ஆரம்பித்தார். "இதே கேள்வியை அஞ்சாம் வகுப்புல உன்கிட்ட கேட்டேன்."

"ஆமா சார். மத்தவன் எல்லாம் கையைத் தூக்கிட்டான். ஒருத்தனையும் சொல்ல விடல நீங்க. மணி அடிச்சும் நின்னீங்க."

"எதைப் பார்த்துக்கிட்டு நின்னேன்?"

"என் மூஞ்சியை."

வாத்தியார் லேப்டாப்பை பூவலிங்கம் பக்கம் தள்ளினார். திரையில் 'கால்' என்று திறந்த வாயோடு அந்தக் காலத்து வாத்தியார் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"இந்த ஆளு யார் மூஞ்சியைப் பார்க்குறாரு?"

பூவலிங்கம் பார்த்தார். பதில் வரவில்லை. வாத்தியார் எடுத்துக்கொடுக்கவும் இல்லை, அவர் மூஞ்சியிலிருந்து கண்ணை எடுக்கவும் இல்லை.

வெயில் ஜன்னலை விட்டு இறங்கிவிட்டது. "பாடம் பார்க்கிற பிள்ளை மூஞ்சியை இல்ல சார்" என்று பூவலிங்கம் லேப்டாப்பை மெல்ல மூடினார். செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தார்.