கழுதை ஏன் சுவரொட்டி தின்கிறது

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசின. அதைவிட வியப்பு, கழுதைகளுக்குப் படிக்கவும் தெரிந்தது. அப்போது ஆலங்கேணி ஊரின் நாற்சந்தி வெறும் சேற்றுக்குழி. நாலு தெரு வண்டிகளும் அச்சு முங்க இறங்கிச் சிக்கிக்கொள்ளும்.

“மலையிலேருந்து கல் சுமந்து கொடு, வெள்ளச்சி. சந்தி நடுவுல தண்ணித் தொட்டி கட்டினதும், முதல் வாய் உனக்குத்தான்” என்றார் மணியக்காரர் சாத்தையா.

வெள்ளச்சி என்ற அந்தக் கழுதை நம்பியது. மூன்று கோடை சுமந்தது. முதுகுத் தோல் உரிந்தது. குழி மேடாகி, கல் தளம் பரவி, நடுவில் தொட்டியும் கிழக்கே நாலுகால் மண்டபமும் எழுந்தன.

திறப்பு நாளில் வெள்ளச்சி நாக்கு வறண்டு வந்து நின்றது. மண்டபத் தூணில் ஈரப் பசையோடு ஓர் அறிவிப்பு. சந்திக்காகப் பாடுபட்டவர்களாம்: கொம்புக்குச் சாயம் பூசிக்கொண்டு திறப்புக்கு மட்டும் வந்த காளை, கற்குவியல்மேல் தூங்கிய நாய், மணியக்காரரின் மைத்துனர். கடைசி வரி: ‘கழுதைகள் சந்திக்குள் நுழையக் கூடாது.’

வெள்ளச்சி கொதித்துப்போய் மணியக்காரரிடம் திரும்பியது.

“ஏன்யா, என் முதுகு சுமக்காத கல்லு ஒண்ணு இந்தத் தளத்துல காட்டும், பார்ப்போம்!”

“கத்தாதே. பெரிய மனுசங்க வர்ற இடம்.”

“உம்ம மச்சான் எந்தக் கல்லைத் தூக்கினாரு? தொப்பையைத் தூக்கிட்டு நடக்கிறதே அவருக்குப் பெரும்பாடு!”

காளைகூடச் சிரித்துவிட்டது. மணியக்காரருக்கு முகம் சிவந்தது. “ஊர் வழக்கம் தெரியுமில்ல? தூண்ல ஒட்டினது, தூண்ல இருக்கிறவரைக்கும் சட்டம். கிழிச்ச கைக்குச் சூடு.”

“எனக்குக் கை ஏதுய்யா?” என்றது வெள்ளச்சி.

எட்டி, மேல் மூலையைப் பல்லால் கவ்வி ஒரே இழுப்பு. காளை, நாய், மைத்துனர், தடை எல்லாம் வயிற்றுக்குள் போயின. அரிசிக் கஞ்சிப் பசை, ருசிக்குக் கேட்பானேன்! பிறகு நிமிர்ந்த தலையோடு தொட்டிக்கு நடந்து, வயிறு முட்டக் குடித்தது. தூண் மொட்டையாக நின்றது. தூணில் தாள் இல்லை, சட்டமும் இல்லை.

மறுநாள் மணியக்காரர் புதுத் தாள் ஒட்டினார். அதுவும் போயிற்று. திருவிழா அறிவிப்புக்குள் அந்த ஒரு வரியை ஒளித்துவைத்துப் பார்த்தார். வெள்ளச்சி அதையும் கண்டுபிடித்துத் தின்றது. ‘இவர்கள் ஒட்டுவதைப் படித்துப் பார்த்துத் தின்பது வீண்வேலை’ என்று அப்போது முடிவு கட்டியது.

அன்று முதல்தான் கழுதைகள் படிப்பை விட்டன. சந்திச் சுவரில் ஒட்டியது கல்யாண வாழ்த்தோ, கண்ணீர் அஞ்சலியோ, பசை காயுமுன் தின்றுவிடுகின்றன. எந்தத் தாளில் எந்தத் தடை இருக்குமோ, யார் கண்டது!