பூண்டுமந்தையின் குலுங்காத கார்

கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் மூச்சு வாங்கித் திரும்பிப் போகிற இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறினால் பூண்டுமந்தை என்றொரு ஊர் வரும். அங்கே பூண்டு நன்றாக விளையும். புத்தி எப்படி விளையும் என்று கேட்காதீர்கள், அந்த மண்ணுக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. மற்றபடி தங்கமான ஜனங்கள். ஒன்று சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். சங்கடமே அதுதான்.

அந்த ஊர்ச் சன்னாசிக்கு மாமனார் சீதனமாக ஒரு கறுப்புப் பிளசர் கார் கொடுத்திருந்தார். கல்யாணத்தன்று பெண்ணும் மாப்பிள்ளையும் அதிலேதான் ஊருக்கு வந்தார்கள். அதாவது, பாதி வழி வந்தார்கள். பாதியில் கார் நின்றுவிட்டது. புதுப்பெண் பவளம், கூரைப்புடவையும் கழுத்து மாலையுமாக மீதி மலையை நடந்தே ஏறினாள். காரை மாடு கட்டி இழுத்து வந்து கொட்டகையில் போட்டார்கள். அன்றைக்குப் படுத்ததுதான், அப்புறம் எழுந்திருக்கவில்லை. பவளத்தின் கோபம் மட்டும் படுக்கவே இல்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சன்னாசி வாயைத் திறந்தால் போதும், "மாலையோட மலை ஏறினவ கைக்கு உப்பு கூடத்தான் செய்யும்" என்பாள்.

இப்போது மகள் செங்கமலத்துக்குத் தை மாதம் கல்யாணம். எதிர்மேட்டு முருகன் கோயிலில் முகூர்த்தம். நிச்சயம் முடிந்த அன்றே பவளம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்.

"எம்மகளும் மாலையோட நடக்கணுமா? அந்தக் கார்லதான் கோயிலுக்குப் போவா. அதுவும் ஓடுற கார்ல. அப்படிப் போகலைன்னா, நீங்களே பொண்ணுக்கு அப்பனாவும் இருங்க, ஆத்தாளாவும் இருங்க. நான் வரலை."

சன்னாசி திண்ணையில் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தான். பெற்றவள் வராத கல்யாணமா? மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அதைவிட, செங்கமலம் அழுதால் அவனால் தாங்க முடியாது. குழந்தையில் அவள் அழுதால் அவனும் கூட உட்கார்ந்து அழுகிறவன்.

வத்தலக்குண்டிலிருந்து கமால் பாய் என்கிற மெக்கானிக் ஐப்பசியிலேயே வந்து இன்ஜினைச் சரிபண்ணிக் கொடுத்தார். அதற்குமேல் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. பனி இறங்கினால் அவருக்கு இளைப்பு வந்துவிடும். "மிச்ச வேலை லேசுதான். நான் போன்ல சொல்லச் சொல்ல அப்படியே செய்ங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். பாவம், 'அப்படியே' என்ற வார்த்தையை எந்த ஊரில் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

ஊரில் போன் எடுக்கும் இடம் ஒன்றே ஒன்று, யானைப்பாறை உச்சி. சன்னாசி அங்கே ஏறி நின்று பாய் சொல்வதைக் கேட்டுக் கத்துவான். கீழே பவளத்தின் தம்பி ஒச்சப்பனும் பக்கத்து வீட்டு வெள்ளையனும் காதைக் கொடுத்து நிற்பார்கள். அந்த மூன்று பேரும்தான் பழுது பார்க்கும் கோஷ்டி.

முதல் உத்தரவு வந்தது. "தகரமெல்லாம் துருப்பிடிச்சிருக்கு. நல்லா எண்ணெய் தேய்ச்சு ஊற வச்சுக் கழுவுங்க."

எண்ணெய் தேய்ப்பதில் பிரச்சினை இல்லை. நல்லெண்ணெயில் ரெண்டு மிளகு போட்டுக் காய்ச்சினால் ஆயிற்று. எந்தக் கிழமை தேய்ப்பது என்பதில்தான் மூவரும் மாட்டிக்கொண்டார்கள்.

"ஆம்பளைன்னா சனிக்கிழமை, பொம்பளைன்னா வெள்ளிக்கிழமை. இது என்ன?" என்றான் சன்னாசி.

ஒச்சப்பன் ரப்பர் ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினான். "குரலைக் கேளுங்க மச்சான். இது ஆம்பளைதான்."

"குரலை வச்சுச் சொல்லாதே. எம் பொண்டாட்டி குரலைக் கேட்டிருக்கேல்ல?" என்றான் வெள்ளையன். "சீதனமா வந்த வண்டிடா இது. எந்த ஊர்லயாவது ஆம்பளையைச் சீதனமாக் குடுப்பாங்களா?"

இது பெரிய பாயிண்ட். இருந்தாலும் குரலையும் தள்ளிவிட முடியவில்லை. கடைசியில் சன்னாசி நடுநிலையாக ஒரு தீர்ப்புச் சொன்னான். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைப்பது, சனிக்கிழமை குளிப்பாட்டுவது. யாருக்கும் மனக்குறை இருக்காது.

அப்படியே செய்தார்கள். அரப்புத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, ஸீட்டில் கிழிந்து தொங்கிய தேங்காய் நாருக்குச் சாம்பிராணிப் புகை போட்டுச் சிக்கெடுத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாதல்லவா? கார் கண் அசந்துவிடாமல் இருக்க, மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பொழுது சாயும்வரை ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அன்று பூண்டுமந்தையில் எவனும் தூங்கவில்லை.

அடுத்த உத்தரவு. "கழட்டின நட்டு, போல்ட்டு எல்லாத்தையும் ஈரம் படாத இடத்துல வைங்க."

பூண்டுமந்தையில் ஈரம் படாத இடம் அடுப்புக்கு மேலே பூண்டு கட்டித் தொங்கவிடும் பரண் ஒன்றுதான். நட்டு, போல்ட்டு, விளக்கு மூடி, கதவுக் கைப்பிடி எல்லாவற்றையும் காய்ந்த பூண்டுத் தண்டில் கோத்துப் பிணையல் பிணையலாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒருநாள் ரசத்துக்குப் பூண்டு தட்டப் போன பவளம், ஒரு பல் மட்டும் நசுங்கவே மாட்டேன் என்கிறதே என்று அம்மியில் வைத்துப் பலமாக மோதிப் பார்த்தாள். நசுங்கவில்லை. அதை அப்படியே போட்டுக் கொதிக்க வைத்துவிட்டாள். சாப்பிடும்போது அது சன்னாசியின் தட்டில் டங்கென்று விழுந்தது. "முத்தின பூண்டு" என்று சொல்லி ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அவன் ரசத்தைப் பிசைந்து சாப்பிட்டான்.

மார்கழி நடுவில் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார்கள். புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் உறைபனி படிந்திருந்த ஒரு காலையில், காரின் முன்பக்கம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தார்கள். கார் லொக்கு லொக்கு என்று இருமிவிட்டு அடங்கிவிட்டது. சன்னாசி பாறைக்கு ஓடினான்.

"குளிர்ல அது இருமத்தான் செய்யும்ணே. பயப்படாதீங்க. ரேடியேட்டர்ல சூடா ஊத்திட்டுக் கிளப்புங்க" என்றார் பாய்.

சூடாக என்ன ஊற்றுவது என்று அவர் சொல்லவில்லை. இருமலுக்குச் சூடாக என்ன கொடுப்பார்கள் என்று பூண்டுமந்தைக்காரனுக்கு யாரும் சொல்லவும் வேண்டாம்.

"சுக்கு, மிளகு, தூதுவளை. ஒரு அண்டா போடு" என்றான் வெள்ளையன்.

"கருப்பட்டி?" என்றான் ஒச்சப்பன்.

சன்னாசி ரொம்ப நேரம் யோசித்தான். "வேணாம் மாப்ளே. வயசான வண்டி. சர்க்கரை கிர்க்கரை இருந்துச்சுன்னா வம்பு."

கொதிக்கக் கொதிக்கக் கஷாயத்தை ரேடியேட்டரில் ஊற்றினார்கள். கைப்பிடியைச் சுழற்றினார்கள். கார் ஒரே ஒரு தரம் இருமி, சளி விட்டாற்போல் சீராக உறும ஆரம்பித்தது. சன்னாசிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வாசலுக்கு ஓடி வந்த பவளம் காரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், உள்ளே போனாள். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

அடுத்து, காய்கறி வண்டியில் புது டயர்களைக் கொடுத்தனுப்பிய பாய் போனில் கண்டிப்பாகச் சொன்னார். "உங்க ஊர்க் கல்லு ரோட்டுல இறக்கினா டயர் கிழிஞ்சிரும். முகூர்த்தத்தன்னிக்கு விடியக்காலை நானே வந்து, மண்பாதை வழியாச் சுத்தி ஓட்டிக்கிறேன். நான் வர்ற வரைக்கும் கல்லு மேல டயர் படவே கூடாது."

முகூர்த்த நாளும் வந்தது. பாய் மட்டும் வரவில்லை. மலைப்பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது என்று தகவல்தான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எதிர்மேட்டில் காத்திருந்தார்கள். மேளச் சத்தம் இங்கே கேட்டது. அலங்காரம் முடிந்த செங்கமலம் வாசலில் நின்று அப்பாவையே பார்த்தாள். பவளமோ புதுப்புடவை கட்டிக்கொண்டு, ஆனால் வாசற்படியைத் தாண்டாமல், தூணைப் பிடித்தபடி நின்றாள்.

கொட்டகையில் அவசர ஆலோசனை நடந்தது.

"டயரைக் கழட்டி உள்ள வச்சுக்கிட்டு ஓட்டிட்டா?" என்றான் ஒச்சப்பன்.

"ரோட்டுல இருக்கிற கல்லைப் பொறுக்கிட்டா?" என்றான் வெள்ளையன்.

இது நியாயமாகப் பட்டது. ஊரே குனிந்து கொஞ்ச தூரம் பொறுக்கியது. கல் போன இடத்தில் ரோடும் போய்விட்டது. திரும்ப எல்லாவற்றையும் அடுக்கி வைத்தார்கள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. செங்கமலத்தின் உதடு துடிக்க ஆரம்பித்ததைச் சன்னாசி பார்த்துவிட்டான். அந்த நிமிடத்தில்தான் அவன் மூளை, வாழ்க்கையில் முதல்தடவையாக, வேலை செய்தது.

"டேய், நம்ம மாரியாத்தாளுக்கும் கால் இருக்குல்ல? திருவிழாவுல அவ என்ன நடந்தா போறா?"

மறுபேச்சு இல்லை. சப்பரம் தூக்கும் நீளக் கம்புகள் வந்தன. காருக்கு அடியில் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். ஊரில் தோள் உள்ளவன் எல்லாம் தோள் கொடுத்தான். பின் ஸீட்டில் செங்கமலம், பக்கத்தில், வாசற்படியை ஒருவழியாகத் தாண்டிய பவளம். ஸ்டியரிங்கில் சன்னாசி. ஒச்சப்பன் கைப்பிடியைச் சுழற்றப் போனவன் நின்று கேட்டான்.

"தூக்கிட்டுத்தானே போறோம்? இன்ஜின் எதுக்கு மச்சான்?"

"ஓடுற கார்ல போகணும்னு உங்கக்கா சொல்லியிருக்கா. சுத்துடா."

இன்ஜின் உறுமியது. சக்கரங்கள் நாலும் அந்தரத்தில் நிற்க, சன்னாசி கியர் போட்டான். பின்சக்கரம் இரண்டும் காற்றில் சுழன்றன. கார் புறப்பட்டது.

அந்த ஊர்வலத்தை என்னவென்று சொல்வது! வளைவு வந்தால் சன்னாசி ஸ்டியரிங்கை ஒடித்து வெளியே கை காட்டுவான். முன்னால் தூக்கியவர்கள் பார்த்துத் திரும்புவார்கள். ஏற்றம் வந்தால் கியரைக் குறைப்பான். இன்ஜின் அலறும், அந்த அலறலில் பயந்து எல்லோரும் வேகமாக ஏறுவார்கள். "பாத்தியா, ஏத்தத்துல எப்படி இழுக்குதுன்னு!" என்று அவன் பின்னால் திரும்பிச் சொன்னான். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தும் கார் நிற்காதது மட்டும் அவனுக்கு ஒரு குறைதான். பாயிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டான். காருக்குள் பூண்டு மணம் தூக்கியது. செங்கமலம் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கோயில் வாசலும் கல் பாவியதுதான். அதனால் கம்புகளின் முனைகளை இருபுறமும் இருந்த கல்மேடைகள்மேல் தாங்க வைத்து, காரை அந்தரத்திலேயே நிறுத்தினார்கள். தாய்மாமன் ஒச்சப்பன் செங்கமலத்தைத் தூக்கி மணவறையில் இறக்கினான். நேரத்துக்குத் தாலி ஏறியது. சன்னாசி விம்மி விம்மி அழுதான். இந்தமுறை செங்கமலம் அழவில்லை என்பதுதான் வித்தியாசம்.

மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஜீப்பில் பெண்ணை அழைத்துக்கொண்டு போன பிறகு, அரக்கப் பரக்க வந்து சேர்ந்தார் கமால் பாய். காரைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார்.

"ஏண்ணே, இன்ஜின்தான் நல்லா ஓடுதே! எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க?"

"ஓடினதாலதான் பாய் தூக்கிட்டு வந்தோம். ஓடலைன்னா தள்ளிக்கிட்டுல்ல வந்திருக்கணும்?" என்றான் சன்னாசி.

பாய் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு பெருமூச்சு விட்டார். "தூக்கினவங்க பாவம், தோளெல்லாம் சிவந்து கிடக்கு. அவங்களை நடக்க விடாதீங்க. எல்லாரையும் கார்ல ஏத்துங்க. நான் ஒரு வாய் சாப்பிட்டு வந்து வண்டியை எடுக்கிறேன்."

முதல் பாதியைச் சன்னாசி கவனமாகக் கேட்டான். இரண்டாம் பாதிக்குள் ஆட்களை ஏற்றப் போய்விட்டான். தூக்கினவர்கள் அத்தனை பேரும் ஏறினார்கள். உள்ளே அடைத்ததுபோக மீதிப்பேர் மேற்கூரையிலும் பானட்டிலும் உட்கார்ந்தார்கள். முன் ஸீட்டில் பவளம். வெளியே ஒருத்தரும் மிச்சமில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து மஞ்சுமூட்டம் இறங்கி, எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியாமல் மூடிக்கொண்டது.

"மெதுவாப் போங்க" என்றாள் பவளம்.

சன்னாசி மெதுவாகப் போனான். வழி அவனுக்கு மனப்பாடம். வளைவுக்கு வளைவு ஒடித்தான், ஏற்றத்தில் கியரைக் குறைத்தான், யானைப்பாறைத் திருப்பத்தில் ஹாரன் அடித்தான். அந்தரத்தில் சக்கரங்கள் சுழன்றன. இறக்கத்தில் பிரேக் மிதித்தபோது இந்தமுறை அருமையாகப் பிடித்தது. மேற்கூரையில் இருந்தவர்கள் பாட்டுக்கூடப் பாடினார்கள். வீட்டு வாசல் வந்துவிட்டது என்று கணக்குப் பண்ணிச் சன்னாசி இன்ஜினை அணைத்தான். எல்லோரும் இறங்கி முதுகை நிமிர்த்தினார்கள்.

மஞ்சு மெல்ல விலகியது. ஒச்சப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான்.

"மச்சான்! நம்ம வீட்டு வாசல்லயே ஒரு முருகன் கோயில் கட்டிட்டாங்க! அச்சு அசலா அதே மாதிரி!"

"நாம கல்யாணத்துல இருந்த நேரத்துல கட்டியிருக்கானுங்க" என்றான் வெள்ளையன்.

கோயில் மடப்பள்ளியிலிருந்து கமால் பாய் ஏப்பம் விட்டுக்கொண்டு கை கழுவ வெளியே வந்தார். சன்னாசி அசந்துபோனான். "பாய் நமக்கு முன்னாடியே வந்துட்டாரே! கெட்டிக்கார டிரைவருப்பா!"

பிறகு பவளத்தின் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷமாகச் சொல்ல நினைத்ததை இன்றைக்குத்தான் சொல்ல முடிந்தது.

"இந்தத் தடவை உன்னை ஒரு அடிகூட நடக்க விடலை பாத்தியா?"

பவளம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"நானும் பாத்துக்கிட்டேதாங்க வந்தேன்," என்றாள். "அந்தக் கல்லு ரோட்டுல, ஒரு இடத்துலகூடக் குலுங்கலையே!"