எட்டு சிலிண்டர் கவலை

"டாக்டர், என் வண்டில ஒரு சத்தம் கேக்குதுங்க" என்றார் சீடர்.

"வாயைத் திறங்க" என்றார் குரு.

சீடர் 'ஆ' என்று திறந்தார்.

"பல்லுப் பாக்கறதுக்கில்ல சார். அந்தச் சத்தத்தைச் செஞ்சு காட்டறதுக்கு."

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு ஐம்பத்தெட்டு. அச்சுப்பிழை இல்லை, அப்படித்தான்.

குருவின் பெயர் ரெபேக்கா. கோயமுத்தூரில் பல் டாக்டர். தன்னைவிட வயதான ஒரு காரில் கிளினிக்குக்கு வருவார், அதிலேயே முருங்கைக்காயும் வாங்கிப் போவார். ஊரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டிக்கு ஒன்று என்றால் மெக்கானிக்கிடம் போவார்கள். வண்டிக்கு ஒன்றும் இல்லை என்று மெக்கானிக் சொல்லிவிட்டால் ரெபேக்காவிடம் வருவார்கள்.

சீடர் நாச்சிமுத்து. பம்ப்செட் கடை முதலாளி. கிளினிக்கில் உட்கார வேறு இடமில்லாததால் பேஷண்ட் நாற்காலியில் மல்லாக்கப் படுத்திருந்தார். முகத்தில் விளக்கு.

"ணங்" என்றார்.

"இன்னொரு தடவை."

"ணங். அப்புறம் லேசா ஒரு க்ளுக்."

"எப்ப வருது?"

"எதிர்பாத்துட்டிருந்தா வராதுங்க. சரி, போயிருச்சுன்னு மூச்சு விடறனுங்க பாருங்க. ணங்!"

கிளினிக் வாசலில் அந்த வண்டி நின்றது.

அமெரிக்கக் கார். எட்டு சிலிண்டர். இரண்டே கதவு. மூக்கு மட்டும் பக்கத்து மருந்துக் கடைப் படி வரைக்கும் நீண்டிருந்தது. சிவப்பு.

சின்ன வயதில் இப்படி ஒரு வண்டி நாச்சிமுத்துவின் பள்ளிக்கூடத்து வாசலைக் கடந்து போனது. அதோடு சரி. அவருக்குள்ளிருந்து மட்டும் அது போகவேயில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், வால்பாறை எஸ்டேட் ஒன்றின் கொட்டகையில், சாக்குக்கு அடியில், மேலே கோழி அடைந்த நிலையில் ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கினார். முதன்முதலில் இன்ஜின் ஓடியபோது மெக்கானிக் தோளில் சாய்ந்து அழுதார். மெக்கானிக்கும் அழுதார், புகையில்.

அன்று தொடங்கிய பயம்.

தெருமுனை வரை ஓட்டுவார். திரும்புவார். பானட்டைத் தொட்டுப் பார்ப்பார். குனிந்து அடியில் எதுவும் ஒழுகுகிறதா என்று பார்ப்பார். போர்வை போர்த்துவார். போர்வையை எடுத்து இன்னொரு தடவை பார்ப்பார்.

"எனக்கு டைபாய்டு வந்தப்பக்கூட இந்த மனுசன் இத்தன தடவ தொட்டுப் பாக்கலீங்" என்று அவர் மனைவி ருக்குமணி குருவுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்.

"இன்னைக்குப் பதினோரு மணிக்கு வித்தர்றனுங்க டாக்டர்" என்றார் சீடர், விளக்கைப் பார்த்தபடி. "பெங்களூர்ல இருந்து ஆள் வந்துட்டிருக்காங்க."

"வண்டி புடிக்கலையா?"

"உசுருங்க."

"அப்புறம் எதுக்கு?"

"பயமா இருக்குதுங்க. ரோட்டு நடுவுல நின்னுட்டா? நாலு பேரு பாக்கற மாதிரி நின்னுட்டா? கனவுல தினமும் நிக்குதுங்க. ஒரு நா நல்ல கனவு வந்துச்சு. அதுல வண்டி ஸ்டார்ட்டே ஆகல."

"நின்னா என்ன பண்ணுவீங்க?"

சீடர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். குரு ஊசியையே எடுக்கவில்லை.

"விக்கறதுன்னா வித்துட்டுப் போங்க. இங்க எதுக்கு வந்தீங்க?"

"சத்தத்தோட விக்கறது பாவமில்லைங்களா? அது என்ன சத்தம்னாவது வாங்கறவருக்குச் சொல்லோணுமில்ல."

போன் அடித்தது. சீடர் நாற்காலியோடு குலுங்கினார்.

"சார், உமேஷ் பேசறேன் சார், பெங்களூர் உமேஷ். அவினாசி வந்துட்டோம் சார். வண்டி ரெடி தானே சார்? நடுவுல எங்கயும் நிக்காது தானே சார்?"

"மழமழன்னு ஓடுமுங்க" என்றார் சீடர். சொன்ன மாத்திரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

குரு கையுறையைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்.

"டிக்கியைத் திறங்க."

திறந்தார்.

உள்ளே ஒரு உதிரிபாகக் கடையே இருந்தது. மாற்று வாட்டர் பம்ப். ஃபேன் பெல்ட். குழந்தைத் துண்டில் சுற்றிய கார்புரேட்டர். தீயணைக்கும் உருளை. இழுத்துப் போகக் கயிறு. மருதமலை விபூதிப் பொட்டலம். இரண்டு ஜாக்கி.

"ரெண்டாவது ஜாக்கி எதுக்கு சார்?"

"மொதல் ஜாக்கி ஒடைஞ்சுட்டா?"

"ரெண்டாவதும் ஒடைஞ்சுட்டா?"

சீடரின் முகம் வெளுத்தது. அவர் அதை யோசித்திருக்கவில்லை.

குரு டிக்கியின் விளிம்பைப் பிடித்து வண்டியை ஒரு ஆட்டு ஆட்டினார்.

வாட்டர் பம்ப் உருண்டு போய் ஜாக்கியில் இடித்தது.

ணங்.

பின்னாலேயே கார்புரேட்டர் நகர்ந்தது.

க்ளுக்.

இருவரும் டிக்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எறக்குங்க" என்றார் குரு.

"எல்லாத்தையுமுங்களா? டாக்டர், வழியில ஏதாச்சும்..."

"எறக்குங்க."

ஒவ்வொன்றாகக் கிளினிக்குக்குள் போய் பேஷண்ட் நாற்காலியில் படுத்துக்கொண்டது.

"மருதமலை முருகன் மட்டும் இருக்கட்டுங்களா?"

"அவரு சத்தம் போடறாரா?"

"இல்லீங்க."

"அப்ப இருக்கட்டும். நீங்க ஓட்டுங்க."

"நானுங்களா?"

"வண்டி யாருது?"

"பதினோரு மணி வரைக்கும் என்னுதுங்க."

ஏறினார்கள். அமெரிக்க வண்டி என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். குரு வலது பக்கம். இன்ஜின் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தது. மருந்துக் கடைப் படி அதிர்ந்தது.

தெரு நீளத்துக்கும் ஒரு சத்தமில்லை.

"எப்படி இருக்குது சார்?"

"சத்தமே இல்லீங்க." இரண்டு வீடு தாண்டியது. "டாக்டர், சத்தமே இல்லீங்களே! ஏதாச்சும் கழண்டு விழுந்துருச்சோ?"

தெருமுனை வந்தது. சீடரின் கை தானாகவே வண்டியைத் திருப்பப் போனது.

"நேரா."

"நேராவுங்களா?"

"அங்கயும் ரோடு இருக்குது சார்."

மருதமலை ரோட்டில் ஏறினார்கள். சித்திரை வெயில். பின்னால் டவுன் பஸ், பாம்ம்ம் பாம்ம்ம் என்று உறுமியது. சீடர் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை, அதில் தொங்கினார். ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது. பைக்கில் போன ஒருவன் ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்ணா, கல்யாண ஊர்வலமா? மாப்பிள்ளையக் காணோம்?"

"அவன் டயரைப் பாத்தானுங்களா? எதுக்குப் பாத்தான்? காத்து கம்மியா இருக்குதோ?"

குரு ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டார்.

"ஏதோ கருகற வாசம் வருதுங்க."

"கல்லைக்கடை. கடலை வறுக்கறாங்க."

"இப்ப ஒரு விசில் கேட்டுச்சுங்க."

"கண்டக்டர்."

வடவள்ளிக்குச் சற்று முன்னால் வண்டி ஒரு தடவை விக்கியது.

புர். புர்ர். புஸ்ஸ்.

நின்றது.

ரோட்டு நடுவில்.

பின்னால் பஸ், அதற்குப் பின்னால் லாரி, அதற்கும் பின்னால் ஆட்டோ. பாம், பீப், கீய்ங் கீய்ங்.

"வந்துருச்சுங்க" என்றார் சீடர், மூன்று வருடமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்குக் கதவைத் திறப்பதுபோல.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்தார். லாரிக்காரர் வந்தார். "டேய், புடிங்கடா! ஏனுங், நீங்க நியூட்ரல்ல போடுங்!" என்று தள்ளி, ரோட்டோரம் ஒரு இளநீர்க் கடை பக்கம் ஒதுக்கிவிட்டுப் போனார்கள்.

சீடர் ஓடிப்போய் டிக்கியைத் திறந்தார். விபூதிப் பொட்டலம் மட்டும் இருந்தது.

"பம்பு அங்க. பெல்ட்டு அங்க. அத்தனையும் உங்க சேர்ல படுத்துக் கெடக்குதுங்க டாக்டர்!"

"அதுல ஒண்ணுகூட இதுக்கு ஆகாது."

குரு பானட்டைத் தூக்கினார். சூடு முகத்தில் அறைந்தது. ஒரு குழாயைக் காட்டினார்.

"வெயிலு. பெட்ரோல் குழாய்க்குள்ளயே ஆவியாயிருச்சு. ஈரத்துணி போடுங்க. ஆறினா ஓடும்."

சீடர் கைக்குட்டையை இளநீர்க்காரம்மாவின் குடத்தில் நனைத்துப் போட்டார். உஸ்ஸ் என்றது.

"இப்ப என்னங்க பண்றது?"

"நிக்கறது."

"எவ்வளவு நேரமுங்க?"

"ஆறற வரைக்கும்."

குரு முன்சீட்டை மடக்கிப் பின்சீட்டுக்குள் போனார். காலை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"டாக்டர்? டாக்டர்!"



நாலு பேர் பார்ப்பார்களே என்று பயந்தாரே, நாற்பது பேர் பார்த்தார்கள்.

"ஏனுங்ணா, லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?"

"கேக்காதீங்."

"உள்ள ஏசி இருக்குதுங்களா?"

"ஜன்னல் இருக்குது."

"ஒடம்பு செரியில்லீங்களா வண்டிக்கு?" என்றாள் காய்கறிப் பையோடு ஒரு பெண், ஆஸ்பத்திரி வராந்தாவில் விசாரிக்கிற குரலில்.

"வெயிலுங்க. நமக்கே தாங்கலையே" என்றார் சீடர். சொன்ன பிறகுதான், வண்டிக்காகப் பரிந்து பேசிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

இளநீர்க்காரம்மா தன் பெரிய குடையைக் கொஞ்சம் சாய்த்து நட்டார். நிழல் பாதி தனக்கு, பாதி பானட்டுக்கு.

"ஓடறப்ப எப்படிங்ணா கத்தும்?" என்று யாரோ கேட்டார்கள்.

சீடர் கொஞ்சம் கூச்சப்பட்டார். சுற்றிலும் பார்த்தார். பிறகு வயிற்றுக்குள் காற்றை இழுத்துக்கொண்டு, "டுகு டுகு டுகு டுகு... டுர்ர்ர்ர்ராங்!" என்றார்.

கூட்டம் கைதட்டியது. "இன்னொருக்கா, இன்னொருக்கா!"

இன்னொருக்கா செய்தார். எட்டு சிலிண்டர் எங்கே என்று காட்டினார். கோழி அடைந்த கதையைச் சொன்னார், கோழி மாதிரியே. நடுநடுவே ஓடிப்போய்க் கைக்குட்டையை நனைத்தார்.

பையில் போன் அடித்தது, உமேஷ். எடுத்து, "வடவள்ளிங்க. இளநிக் கடை. செவப்பு வண்டி, தெரியாமப் போகாது, வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, கோழிக்கு அப்புறம் என்ன ஆனது என்று தொடர்ந்தார்.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கூலிங்கிளாஸோடு உமேஷ் இறங்கினார். கூட்டத்தைப் பார்த்தார். திறந்த பானட்டைப் பார்த்தார்.

"என்ன சார் இது? நின்னுடுச்சா?"

"நின்னுருச்சுங்க" என்றார் சீடர், மகளுக்குப் பிரசவம் ஆனதைச் சொல்கிற முகத்தோடு.

"மழமழன்னு ஓடும்னு சொன்னீங்களே சார்?"

"பயத்துல சொன்னதுங்க. மன்னிச்சுக்கோங்க."

"மறுபடி நிக்குமா?"

"நிக்குமுங்க."

உமேஷ் கூலிங்கிளாஸைக் கழற்றினார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவைத் தடவிப் பார்த்தார். அவருக்கு வண்டியைப் பிடித்துவிட்டது.

"பரவால்ல சார். நீங்க கவலையே படவேணாம். எனக்கு இது ஓடவே வேணாம். லாரியில ஏத்திட்டுப் போய் என் ஹோட்டல் ரிசப்ஷன்ல வெக்கப்போறேன். சுத்தியும் கண்ணாடி, மேல லைட், ஏசி. வெயில் படாது, தூசி படாது, யாரும் தொட முடியாது. ரோட்டுல நின்னுடுமோங்கற பேச்சே கெடையாது."

சீடர் மூன்று வருடமாக வேண்டிக்கொண்டது அத்தனையும் அதில் இருந்தது.

அவர் குனிந்து கைக்குட்டையைத் தொட்டார். காய்ந்திருந்தது. குழாயைத் தொட்டார். கையை எடுக்கவில்லை. எடுக்கிற அளவுக்குச் சூடு இல்லை.

"அம்மா, இவருக்கு ஒரு இளநி வெட்டுங்க. வெயில்ல இத்தனை தூரம் வந்திருக்காரு."

பானட்டை இறக்கினார். வண்டியில் ஏறினார்.

"சார்? சார், நம்ம பேச்சு என்னாச்சு சார்?"

சாவியைத் திருப்பினார். முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவை குடை ஆடியது, கூட்டம் கத்தியது.

பின்சீட்டில் குரு ஒரு கண்ணைத் திறந்தார். வண்டியின் மூக்கு வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"எங்க சார் போறோம்?"

"அடுத்து எங்க நிக்குதோ, அது வரைக்குமுங்க."