இரண்டாவது எச்சரிக்கை

குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். பொன்செல்விக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நயினார் டெலிபோன் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அவளிடம் கெர்னல், அதாவது கருவியின் அடிமட்ட புரோகிராம், எழுதக் கற்க வந்தவர். தலையில் முடி கொட்டிய பிறகு புத்தி முளைக்கிறது என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வார்.

தூத்துக்குடியில் அவர்கள் வேலை பார்த்த சின்னக் கம்பெனி படகுகளுக்கு ஒரு பெட்டி செய்தது. கடலில் ஆபத்து என்றால் சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். பெட்டி கரைக்குச் செய்தி அனுப்பும். கடலில் ஆபத்தில் சிக்கிய மீனவர் கஸ்பார் அதை அமுக்கினார். பெட்டி அப்படியே நின்றுவிட்டது. கூடப் போன தம்பியை வேறொரு படகு காப்பாற்றியது. கஸ்பார் கிடைக்கவில்லை.

இன்று அவர் மனைவி ஜெசிந்தா வந்து முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடிக்கவில்லை. பெட்டிக்கு என்ன ஆனது என்று கேட்க வந்திருந்தாள். அதற்கான புரோகிராமை எழுதியவர் நயினார். பதிலும் அவர்தான் சொல்ல வேண்டும்.

போவதற்கு முன் குருவிடம் வந்தார்.

"பூட்டுத் தகராறுன்னு நினைக்கேன் மேடம்."

பெட்டிக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று தொடுகிற தகவலை மற்றது கலைக்காமல் இருக்க அவை பூட்டுப் போட்டுக்கொள்ளும். இதன் கையில் ஒரு பூட்டு, அதன் கையில் ஒரு பூட்டு, இரண்டுக்கும் மற்றதன் பூட்டு வேண்டும் என்று வந்துவிட்டால் தீர்ந்தது. நீ முதலில் விடு, பிறகு நான் விடுகிறேன் என்று காலம் முழுக்க நிற்கும். அதனால் சோதனையின்போது உள்ளே காவலன் போல ஒரு புரோகிராமை ஓடவிடுவார்கள். பூட்டு எடுக்கும் வரிசை எங்காவது மாறினால், சிக்கல் வரும் முன்பே அது எச்சரிக்கும்.

"காவலனையும் ஓடவிட்டுத்தான் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்லலை. அதையே அந்தம்மாகிட்ட சொல்லிரலாம்னு இருக்கேன்."

"ஒரு வார்த்தைகூடவா சார்?"

நயினார் யோசித்தார். ஒன்று சொன்னது உண்மைதான். பெட்டியை இயக்கியதும் திரை விளக்கின் பூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை வரும். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இது தினமும் பாடுகிற பாட்டுத்தானே என்று அவர் விட்டிருந்தார். பொன்செல்வியும் அப்போது அதைப் பார்த்துவிட்டு அப்படியே விட்டிருந்தாள்.

அவள் கணினியை இழுத்துத் திரை விளக்குப் பகுதியைத் திறந்தாள். ஒரு வரியை மாற்றினாள். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை அது. இத்தனை மாதம் ஒருவரும் செய்யவில்லை. பிறகு மேசைமேல் இருந்த பெட்டியை இயக்கினாள்.

பழைய எச்சரிக்கை வரவில்லை. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். பெட்டி நிற்கவில்லை, செய்திகூடப் போய்ச் சேர்ந்தது. ஆனால் காவலன் பேசியது. இடம் பார்க்கிற பூட்டு, செய்தி அனுப்புகிற பூட்டு, வரிசை மாறி எடுக்கப்படுகின்றன என்றது. எந்த இடத்தில் என்றும் சொன்னது. அது நயினார் எழுதிய இடம்.

அவர் திரையருகே குனிந்து அந்த இடத்தை இன்னொரு தரம் படித்தார்.

"அப்போ அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"முதல் தப்பைச் சொன்னதும் அது கண்காணிக்கிறதை நிறுத்திரும் சார். அதுக்கு மேல தன் கணக்கையே அது நம்பாது. அன்னைக்குத் திரை விளக்கைச் சொன்னதோட நிறுத்திருச்சு." அவள் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியும். உங்களுக்கும் சொல்லிக் குடுத்திருக்கேன்."

சொல்லிக்கொடுத்திருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். காவலன் வாயை மூடிக்கொண்டதைப் போய், குறை ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு வரியை அன்றைக்கே மாற்றியிருக்கலாம். கஸ்பார் வீட்டில் இருந்திருப்பார்.

முன்னறைப் பக்கம் பார்த்தார்.

"இதை இப்போ எப்படி மேடம் சொல்ல? இன்னும் பார்த்துக்கிட்டிருக்கோம்னு சொல்லி அனுப்பிருவோம். மனசு கொஞ்சம் தேறட்டும். அடுத்த தடவை கேக்கும்போது உள்ளதைச் சொல்லிருதேன்."

பொன்செல்வி எழுந்து அவருக்கு முன்னால் நடந்தாள். கதவருகில் நின்று திரும்பினாள்.

"அந்தம்மா ஒரு தடவைதான் சார் கேப்பாங்க."