பொறிவண்டுக்கு அசுவினி ருசித்த கதை

பூச்சிகளும் கொடிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், பொறிவண்டு சுத்த சைவம். ஓர் அவரைப் பந்தலில் செம்பி என்றொரு பொறிவண்டு இருந்தாள். அவரைப் பூவின் மகரந்தம்தான் அவளுக்குச் சாப்பாடு. விடிந்ததும் பூவுக்குள் தலையை நுழைப்பாள். முகமெல்லாம் மஞ்சளாக வெளியே வருவாள்.

ஒரு மார்கழியில் பந்தலில் பூவே இல்லை. செம்பி பசியோடு கொழுந்துவரை ஏறிப் பார்த்தாள். கருமணலை அப்பியதுபோல் அசுவினிப் பூச்சிகள் தண்டை மொய்த்துச் சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

"வைக்கிற மொட்டெல்லாம் கருகிப்போகுது, செம்பி. எனக்கு நிற்கவே தெம்பில்லை" என்றது அவரைக்கொடி.

செம்பிக்கு மனசு கேட்கவில்லை. அசுவினிகளிடம் போய், "கொஞ்சம் வேறு பக்கம் போங்களேன். கொடி செத்துப்போனால் உங்களுக்கும்தானே சாப்பாடு இல்லை?" என்று பணிவாகவே கேட்டாள்.

அவை உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. பதில் சொன்னது முறுக்கன் என்ற எறும்பு. அசுவினிகள் கழிக்கும் இனிப்பு நீரைக் குடித்துக்கொண்டு, அவற்றுக்குக் காவல் இருப்பவன் அவன்.

"யாரைக் கேட்டு இங்கே ஏறினே? இறங்கு!" என்று அவள் காலைக் கவ்வினான்.

செம்பி பதறிப்போய்க் காலை இழுத்தாள். முழங்காலிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு கசிந்தது. அது நாக்கில் பட்டதும், "ஐயையோ, கசப்பு! வேப்பெண்ணெயே தேவலை!" என்று துப்பிக்கொண்டே முறுக்கன் தண்டோடு கீழே ஓடினான்.

தன்னிடம் அப்படியொரு கசப்பு இருப்பது செம்பிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. தைரியம் வந்துவிட்டது. எதிரே இருந்த குண்டு அசுவினியைக் கவ்வித் தூக்கி எறியப் போனாள். அது வாயிலேயே உடைந்தது. இளம் அவரைக் கொழுந்தின் சாறு, இனிப்போடு!

"அடடே!" என்றாள் செம்பி. இன்னொன்றைத் தின்றாள். பிறகு இன்னொன்று. பொழுது சாய்வதற்குள் கொழுந்தில் பாதி வெறுமையாகிவிட்டது.

"பார்த்து, வயிறு வெடிச்சிடப் போகுது!" என்று கொடி சிரித்தது. அது சிரித்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

எட்டாம் நாள் பந்தலில் ஊதாப் பூ பூத்தது. "மகரந்தம் தின்ன வா, செம்பி" என்று கொடி ஆசையாகக் கூப்பிட்டது.

"அப்புறம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அசுவினி மிச்சமிருந்த ஓர் இலையைத் தேடிப் போய், அதன் அடியில் தன் மஞ்சள் முட்டைகளை இட்டாள். பொரிந்து வரும் பிள்ளைகள் பசியோடு அலையக் கூடாதே!

அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்தான்: இன்றும் பொறிவண்டு அசுவினி மொய்க்கும் செடியாகப் பார்த்து முட்டையிடுகிறது, வெளியே வரும் அதன் குஞ்சும் கண் விழித்ததுமே அசுவினியைத்தான் தேடுகிறது.